மங்கலதேவி மலையில் மாறிய கதை

சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் மங்கலதேவி மலைக்கு வழி திறக்கிறது. கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து கால்நடையாகவும், குமுளியிலிருந்து ஜீப்பிலும் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அங்குள்ள கண்ணகி கோட்டத்துக்கு ஏறுகிறார்கள். பெண்களுக்கு மஞ்சள் கயிறும் வளையலும் பிரசாதமாகக் கிடைக்கின்றன. சிலப்பதிகாரத்தில் இளங்கோ காட்டும் கண்ணகி கணவனை இழந்தவள். எரியும் மதுரையை விட்டு வெளியேறும்போது கொற்றவை கோயில் வாசலில் தன் வளையல்களை உடைத்தவள். அவளேதான் இந்த மலையில் சுமங்கலிகளுக்கு வளையல் கொடுக்கிறாள். காவியம் முடித்துவைத்ததை மக்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றி எழுதியிருக்கிறார்கள். பழங்கதையை மறுபுனைவு செய்வது பண்பாட்டைச் சிதைப்பது என்று சொல்பவர்கள் முதலில் இந்த வளையலுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இளங்கோவே பிறர் சொல்லக் கேட்டு எழுதியவர்தான். வேங்கை மரநிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணைக் கண்டோம் என்று குன்றக் குறவர்கள் வந்து சொன்னார்கள், அவளுடைய முன்கதையைச் சாத்தனார் விரித்தார் என்கிறது சிலப்பதிகாரப் பதிகம். அந்தக் குன்றம் இந்த மங்கலதேவி மலைதான் என்று ஆய்வாளர் சி. கோவிந்தராசனார் வாதிட்டார், கொடுங்கல்லூரைச் சொல்பவர்களும் உண்டு. இடம் எதுவானாலும், காவியம் மலைமக்களின் வாய்மொழியிலிருந்து தொடங்கியதாகத்தான் காவியமே சொல்கிறது. பிறகு கதை கடலையும் கடந்தது. இளங்கோவின் காவியத்தில் வெட்டுண்ட கோவலன் ஒரு கணம் எழுந்து, மனைவியின் கண்ணீரைத் துடைத்துவிட்டு வானேறிவிடுகிறான். இலங்கையின் சிங்கள மரபிலோ கண்ணகி பத்தினி தெய்வம். மாங்கனியிலிருந்து பிறக்கிறாள், கொல்லப்பட்ட கணவனை உயிரோடு எழுப்பியே விடுகிறாள். ஐரோப்பாவிலும் இதுதான் நடந்தது. 1697-இல் பெரோ எழுதிய சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் தின்றதோடு கதை முடிந்துவிடும். 1812-இல் கிரிம் சகோதரர்கள் வேட்டைக்காரனை வரவழைத்து அவளை மீட்டார்கள். 1979-இல் ஆஞ்சலா கார்ட்டர் அதே சிறுமிக்கு ஓநாயைப் பார்த்துச் சிரிக்கும் துணிவைக் கொடுத்தார்.

சிலம்பு வரலாறு, அதில் மாயக்கதையை ஏற்றி மலினப்படுத்தாதீர்கள் என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. மாயம் வெளியிலிருந்து வந்ததா என்ன? முலையைத் திருகி எறிந்து நகரை எரிப்பதும், மதுராபதித் தெய்வம் பின்னால் வந்து முற்பிறப்பைச் சொல்வதும், பதினான்காம் நாள் விமானம் வந்து இறங்குவதும் இளங்கோ வைத்தவைதான். அவற்றை நீக்கினால் மிஞ்சுவது ஒரு திருட்டு வழக்கு மட்டுமே.

அப்படியானால் எப்படியும் மாற்றலாமா என்ற கேள்விதான் கனமானது. மாற்றலாம், ஆனால் கைவைக்கக் கூடாத ஓர் இடம் இருக்கிறது. பாண்டியன் தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். கண்ணகி தன்னுடையதில் மாணிக்கம் என்கிறாள். சிலம்பை உடைக்கிறாள், மணி அரசன் முகத்தருகே தெறிக்கிறது. தன் தீர்ப்பு பிழை என்று அறிந்த அரசன் அந்த இடத்திலேயே உயிர்விடுகிறான். எளிய பெண் ஒருத்தி ஆதாரத்தோடு அரசனை நிறுத்திக் கேட்கும் இந்தக் காட்சிதான் கதையின் உயிர். 1942-இல் வந்த ‘கண்ணகி’ படமும் 1964-இல் வந்த ‘பூம்புகா’ரும் எவ்வளவோ மாற்றியும் இதில் கைவைக்கவில்லை. கண்ணகியைக் கற்பின் பொம்மையாக மட்டும் காட்டிவிட்டு இந்தக் கேள்வியை மழுங்கடிக்கும் மறுபுனைவு, ஒரு சொல் மாறாமல் காவியத்தைப் பின்பற்றினாலும் தோற்றதுதான்.

நல்ல முன்மாதிரிகளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசன’த்தில், ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிறாள், கேள்வி கூர்மையானது, கதை பிழைத்தது. ஜெயமோகனின் ‘கொற்றவை’ கண்ணகியின் கதையையே தொல்பழங்காலம் வரை பின்னுக்கு இழுத்துச் செல்கிறது. இனி எழுதப்பட வேண்டியது, அவளை முதலில் கண்டு சொன்ன குன்றக் குறவர்களின் கண்ணகி. தேனி, கம்பம் பக்கத்து இளம் எழுத்தாளர்களே, வஞ்சிக் காண்டத்தின் குன்றக் குரவையை எடுத்துப் படியுங்கள். அந்தக் கதையை எழுத உங்களைவிட உரிமையுள்ளவர்கள் இல்லை.