கரையூர்களிற் கட்டட வேலையும் உயிர்ப் பாதுகாப்பும்

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வரையிலும், வடக்கே பாண்டிருப்பு, மருதமுனை வரையிலும் செல்லும் ஒருவர் எந்த வீதியிலே திரும்பினும், குவித்த மணலையும் அடுக்கிய சீமெந்துக் கற்களையும் காணாது மீளார். கிழக்கே கடல், மேற்கே வயல், இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையில் இவ்வூர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. பக்கவாட்டிற் பரவ இடமின்மையால் வீடுகள் மேனோக்கி வளர்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆம் நாட் கடற்பேரலை இக்கரையைச் சிதைத்தபின் எழுந்த கட்டடங்கள் பல. அவற்றின் அழகையும் செலவையும் பற்றிப் பேசும் நாம், அவற்றைக் கட்டும் கைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவது அரிது.

ஒரு மேசன் சாரத்திலிருந்து விழுந்தார் எனக் கேள்வியுற்றதும் ஊரார் வாயில் இரண்டில் ஒன்று வரும். கவனமில்லாமல் நின்றிருப்பார் என்பது ஒன்று. விதி என்றோ நஸீபு என்றோ கூறுவது மற்றொன்று. இரண்டும் செய்யும் வேலை ஒன்றே: சாரத்தைக் கட்டியவர் யார், கைப்பிடிக் கம்பு ஏன் இல்லை என்னும் கேள்விகளை எழாமற் செய்கின்றன. 3 மீற்றர் உயரத்திலிருந்து விழுபவர் தரையை அடைய 0.8 விநாடி போதும். அதற்குள் கவனம் செய்யத்தக்கது யாதுமில்லை. நாள் முழுவதும் வெயிலிற் சாந்து சுமந்தவரின் கவனம் பிற்பகலிற் சிறிது தளர்வது இயற்கை. அவ்வாறு தளர்ந்த கணத்திலும் அவர் உயிர் தப்பும்படி வேலைத்தலத்தை அமைப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

நம் ஊர்களுக்குச் சிறப்பாக உரிய ஆபத்து உயரத்தில் இல்லை, நிலத்தினுள்ளே இருக்கின்றது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் அத்திவாரத்திற்கும் நாம் தோண்டுவது மணலை. காய்ந்த மணலைக் குவித்தால் அது ஏறத்தாழ 30 முதல் 35 பாகை வரையான சாய்விலேயே நிற்கும். அதனினும் செங்குத்தாக நில்லாது. ஈர மணலோ சுவர்போல் நிற்கும். கடற்கரையில் மணல்வீடு கட்டும் சிறுவரும் இதனை அறிவர். மணல்மணிகளுக்கு இடையேயுள்ள சிறிதளவு நீரின் மேற்பரப்பு இழுவிசை அவற்றைப் பிணைத்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். வெயிலில் அந்நீர் வற்றினாலும் பிணைப்பு அறும். மழையாலோ ஊற்றாலோ நீர் மிகுந்து இடைவெளிகள் நிரம்பினாலும் அறும். காலையிற் சுவர்போல் நின்ற குழி பிற்பகலிற் சரிவது இதனாலேதான். அச்சரிவுக்கு முன் ஓசையோ வெடிப்போ தோன்றும் என எதிர்பார்த்திருத்தல் கூடாது.

ஒரு கன அடி ஈர மணலின் நிறை ஒரு மூடைச் சீமெந்தின் நிறைக்குச் சற்றே குறைந்தது. ஆறடிக் குழியின் ஒரு பக்கம் சரிந்தால் எத்தனை மூடை ஒருவர்மேல் விழும் என்பதை மாணவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். நெஞ்சளவு புதையுண்டவர் தலை வெளியே இருப்பதனாற் பிழைத்துவிடுவார் என எண்ணுதல் தவறு. அவர் மூச்சை விடுந்தோறும் நெஞ்சு சுருங்க, அவ்விடத்தை மணல் நிரப்பும். மீண்டும் நெஞ்சு விரிய இடமிராது. அவரை மீட்க மண்வெட்டியோடு உள்ளே குதிப்பவர்மேல் இரண்டாம் சரிவு விழுவதும் உண்டு.

இதற்குப் பரிகாரம் யாது? குழியின் பக்கங்களைச் சாய்வாக வெட்டுதல் ஒரு வழி. ஓரடி ஆழத்திற்கு ஒன்றரை அடி வீதம் சாய்க்க வேண்டும். ஆகவே அடியில் நாலடி அகலமுள்ள ஆறடிக் குழிக்கு, இரு பக்கமும் ஒன்பது அடி சேர, மேலே 22 அடி அகலம் தேவைப்படும். ஆறு பேர்ச் வளவில் இதற்கு இடமேது? அயலவரின் மதில் குழியுள் வந்து விழும். ஆதலின் நமக்கு உகந்தவை இரண்டு: பலகை நிறுத்திக் குறுக்கே முட்டுக் கொடுத்தல், அல்லது கொங்கிறீட் வளையம் இறக்குதல். வளையத்தை நிலத்தில் வைத்து, அதனுள் நின்று அதன் விளிம்பின் கீழ் மணலை அகற்ற, வளையம் தன் பாரத்தாலேயே இறங்கும். அதன்மேல் அடுத்ததை வைப்பர். பக்க மணலின் தள்ளுகையை மனித உடலன்றி வளையமே தாங்குகின்றது. இம்முறை நம்மவர்க்குப் புதிதன்று. கிணற்றுக்குக் காட்டும் இவ்வறிவை மலசலகூடக் குழிக்குப் பலர் காட்டாமையே வியப்பு. தோண்டிய மணலைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பதும் பெருந்தவறு. குறைந்தது இரண்டடியேனும் அப்பாற் கொட்டுதல் வேண்டும்.

இனி, மாடிக்கு வருவோம். 12 அடிச் சதுரமான ஓர் அறைக்கு 5 அங்குலத் தடிப்பில் கொங்கிறீட் இட்டால் அதன் நிறை ஏறத்தாழ 4 தொன். அது இறுகித் தன்னைத் தானே தாங்கும்வரை, தளத்தின் அகலத்துக்கேற்ப ஏழு முதல் பதினான்கு நாள்வரை, முழுப் பாரமும் முட்டுக்கால்களிலேயே நிற்கின்றது. அக்கால்களோ மணலில் ஊன்றப்படுகின்றன! காலின் கீழ் அகன்ற பலகை இடாவிடின், ஒரு கால் புதைய, அதன் பாரம் அடுத்த காலுக்கு மாறும். பின்பு அதுவும் இளகும். கொங்கிறீட் இடும் நேரத்தில் அதன் கீழே ஒருவரும் நிற்றலாகாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தளம் இறுகிவிட்டதாலும் அச்சம் முற்றும் நீங்கிவிடாது. சென்னைக்கு அருகே மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழைவேளையிற் சரிந்து 61 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அதனைக் கட்டிய தொழிலாளரே. நிறைவுபெறாத கட்டடத்தை மழைக்கு ஒதுங்குமிடமாகவும் இரவில் உறங்குமிடமாகவும் கொள்ளும் வழக்கத்தை நாமும் மறுபடி ஆராய்தல் நன்று.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். ஒடுங்கிய ஒழுங்கைகளில் மின்கம்பி மேல்மாடியின் கைக்கெட்டும் தூரத்திற் செல்கின்றது. இருபதடி இரும்புக் கம்பியை மேலே தூக்குபவர் அதன் மறுமுனையைப் பாரார். கம்பிகளைக் கீழேயே அளந்து வெட்டி, கயிற்றிற் கட்டி, மின்கம்பி இல்லாத பக்கமாக ஏற்றுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

தலைக்கவசத்தையும் கையுறையையும் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென எண்ணுவோர் உளர். அவை வேண்டாவென்பதன்று, ஆனால் அவை இறுதி அரண்களே. ஐக்கிய அமெரிக்காவிற் சன் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலம் 1933 முதல் 1937 வரை கட்டப்பட்டபோது, பொறியியலாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் பாலத்தின் கீழே பெரிய வலையொன்றை விரித்து வைத்தார். விழுந்தோரில் 19 பேர் அவ்வலையால் உயிர் தப்பினர். அவர்களுடைய கவனத்தை வலை கேட்கவில்லை என்பதே அதன் சிறப்பு. எனினும் 1937 பெப்ரவரி 17 இல் பாரமான சாரமொன்று கழன்று வலையையே கிழித்துச்செல்ல, பத்துப் பேர் மாண்டனர். அரணுக்கும் ஒரு தாங்கும் அளவு உண்டு.

சட்டம் இல்லாமலில்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளையும் தன்னுள் அடக்குகின்றது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையினால் விபத்துக்குள்ளானவருக்கு வேலைகொள்வோர் ஈடு செய்யவேண்டுமென விதிக்கின்றது. ஆயின் நம் வீதியில் எழும் ஒரு சிறு வீட்டில் வேலைகொள்வோர் யார்? வீட்டுக்காரர் மேசன் பாஸோடு சதுர அடிக் கணக்கிற் கொந்தராத்துப் பேசுகிறார், பாஸ் நாட்கூலிக்கு இருவரை அழைத்து வருகிறார், யாவும் வாய்ச்சொல். விலையைக் குறைத்துப் பேசும்போது முதலிற் கழிவன பலகையும் முட்டும் கைப்பிடிக் கம்புமே. முடிந்த வீட்டில் அவற்றின் அடையாளம் எஞ்சுவதில்லையன்றோ! ஆகவே குழிக்கு வளையமா பலகையா, சாரத்துக்கான மரம் யார் பொறுப்பு, முட்டுக்கால் எத்தனை நாள் நிற்கும் என்பவற்றைத் தொகை பேசுமுன்பே தீர்த்து, தனியே விலையிட்டு, ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடலாம். வேலையாள் ஒருவர் காயமுற்று நட்டஈடு கோரும் நாளில், அவரை வேலைக்கமர்த்தியவர் யார் என்பதற்கு அத்தாள் ஒரு சான்றாகவும் உதவும்.