வழியில் கழியும் பொழுதுக்குக் கூலி

ராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் தூரந்தான். ஆயினும் அச்சாலையில் தொழிலாளியின் பொழுது எவ்வளவு கழிகிறதென்பதைக் கணக்கிட்டவர் சிலரே. பஞ்சாலைத் தொழிலாளிக்கு வேலை செய்யுமிடம் ஒன்றே. ஆலைக்குள் நுழைந்ததும் அவரது வேலைநேரம் ஆரம்பமாகிறது. வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்க்க ஊர் ஊராக அனுப்பப்படுகிறவருக்கும், நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே பராமரிக்கும் பெண்களுக்கும் அத்தகைய வாசல் கிடையாது. காலையில் ராஜபாளையம், பிற்பகலில் ஸ்ரீவில்லிபுத்தூர், மாலையில் வத்திராயிருப்பு என முதலாளி விதித்த வழியிலேயே அவர்கள் அலைய வேண்டும். வீட்டுக்குள் செய்த வேலைக்கு மட்டுமே கூலி என்றால், வழியில் கழிந்த பொழுது யாருடையது?

ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து வீடுகளுக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம். இடையில் நான்கு பயணங்கள், ஒவ்வொன்றுக்கும் அரைமணி. மாதத்தில் 25 நாளைக்கு 50 மணி நேரமாகிறது. எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால், ஆறு நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு கூலியின்றிப் போகிறது.

‘பெட்ரோல் செலவைத்தான் கொடுக்கிறோமே’ என்று முதலாளிகள் சொல்லக்கூடும். வண்டிக்குக் கொடுப்பது வேறு, மனிதனுக்குக் கொடுப்பது வேறு. 2021-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணத்தை நீக்கிற்று. அதனால் பணம் மிஞ்சியது, பொழுது மிஞ்சவில்லை.

இக்கோரிக்கை நூதனமானதன்று. 2005-ல் இயற்றப்பட்ட கிராம வேலை உறுதிச் சட்டம், 5 கிலோமீட்டருக்கு அப்பால் வேலை கொடுத்தால் நூற்றுக்குப் பத்து வீதம் அதிகக் கூலி தர வேண்டுமென விதித்தது. நிலையான வேலையிடமில்லாத தொழிலாளர், வீட்டிலிருந்து முதல் வாடிக்கைக்காரரிடம் செல்வதும், கடைசி வாடிக்கைக்காரரிடமிருந்து வீடு திரும்புவதும் வேலைநேரமே என்று 2015 செப்டம்பர் 10-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு ஸ்பெயின் தேசத்து வழக்கில் தீர்ப்பளித்தது. கூலி எவ்வளவு என்பதை மட்டும் அந்தந்த நாட்டுச் சட்டத்திற்கு விட்டது.

நமது தேசத்திலும், வேலையோடு தக்க தொடர்பிருப்பின், போகும் வழியில் நேரும் விபத்தை வேலையில் நேர்ந்ததாகக் கருதும்படி 2010-ல் தொழிலாளர் அரசாங்க இன்ஷூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டது. வழியில் கால் ஒடிந்தால் அது வேலை. ஒடியாமல் போய்ச் சேர்ந்தால் வேலையன்று என்பது என்ன நியாயம்?

தொழிலாளர் வழியில் வீண்பொழுது போக்குவர் என்ற அச்சத்திற்கும் பரிகாரமுண்டு. தூரத்துக்குத் தக்க நேரத்தை முன்கூட்டியே நிர்ணயித்துவிட்டால் இருதரப்பிலும் சச்சரவுக்கு இடமில்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிற்சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துள்ளன. அவற்றில் கூலிச் சட்டத் தொகுப்பு, போக்குவரத்துப் படியைக் கூலிக்குப் புறம்பானதாகவே வைக்கிறது. ஆகவே படியைக் காட்டிக் கூலியை மறுக்க எவருக்கும் நியாயமில்லை. முதல் வேலை தொடங்கியதிலிருந்து கடைசி வேலை முடியும் வரையில் பயணம் உள்பட யாவும் வேலைநேரமே என்று வேலை ஒப்பந்தங்களிலும் அரசாங்க விதிகளிலும் தெளிவாக எழுதப்பட வேண்டும். பிறர் ஏவலில் ஒருவன் செலவிடும் பொழுதுக்கு ஏவியவரே கூலி கொடுக்கக் கடமைப்பட்டவர்.