அகலக்கோண லென்ஸ்: குறைந்த விலையில் எதை வாங்குவது?

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலையும் எழுந்து நிற்க, நடுவே முல்லைப்பெரியாற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் திராட்சையுமாக விரிந்து கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்திற்கும் கம்பத்திற்கும் இடையே அமைந்த அனுமந்தன்பட்டியில், புதிதாகக் கேமரா வாங்கிய இளைஞர் ஒருவர் முதலில் ஆசைப்படுவது, இந்த மலையும் வயலும் ஆகாயமும் ஒரே படத்தில் அடங்கவேண்டும் என்பதே. அதற்கு அகலக்கோண லென்ஸ் வேண்டும் என்று நண்பர்கள் சொல்ல, கைக்கடக்கமான விலையில் ஒன்றைத் தேடத் தொடங்குகிறார். அப்படித் தேடுமுன் அவர் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம், அத்தகைய லென்ஸ் மலையைப் படத்துக்குள் கொண்டுவந்தாலும் சிறியதாக்கியே கொண்டுவரும் என்பதாகும்.

ஓரிடத்தில் நின்று ஒரே கேமராவில் எடுக்கும்போது, தூரத்துப் பொருளின் பிம்பம் லென்ஸின் குவியத்தூரத்துக்கு ஏற்பவே பெரிதாகவோ சிறிதாகவோ விழுகிறது. 50 மி.மீ. லென்ஸில் கம்பீரமாகத் தெரிந்த மலைமுகடு, 24 மி.மீ. லென்ஸில் பாதி உயரமும் இல்லாமல் ஒடுங்கிப்போக, கீழே வெற்றுத் தரையும் மேலே வெற்று வானமும் மிஞ்சுகின்றன. அதே முகட்டை 200 மி.மீ. லென்ஸ், 24 மி.மீ. லென்ஸைவிட எட்டு மடங்குக்கும் மேலாகப் பெரிதாக்கிக் காட்டும். மலையின் மகிமையை விரும்புகிறவர் நீண்ட லென்ஸை நாடுவதே உசிதம்.

அகலக்கோண லென்ஸின் சுபாவம் வேறு. பொருளை நெருங்கிச் செல்ல இடமளிப்பதும், பின்னே நகர வழியில்லாத இடத்தில் கைகொடுப்பதுமே அதன் பணி. 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பந்தலுக்குள் நுழைந்து, ஒரு குலைக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை வைத்து எடுத்தால், அந்தக் குலை முன்னே பெரிதாகத் தொங்க, பந்தற்கால்களின் வரிசை குறுகிக் குறுகிப் பின்னே ஓட, பார்க்கிறவர் தாமே அந்த நிழலுக்குள் நிற்பதாக உணர்வார். இந்த ஆழத்தோற்றம் லென்ஸின் மாயமன்று. நாம் அவ்வளவு நெருங்கி நிற்பதன் விளைவு. சிறிய வீட்டின் திண்ணையில் பாட்டியைச் சுற்றி அமர்ந்த குடும்பம், காதுகுத்து விழாவில் நெருக்கியடித்து நிற்கும் உறவினர், தேவாலயத்தின் உட்கூடம், கோயில் மண்டபம் ஆகிய இவையே இந்த லென்ஸுக்குரிய விஷயங்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரே எச்சரிக்கை, ஓரங்களில் நிற்பவர்களின் முகம் இழுபட்டு விகாரமாகத் தெரியும் என்பதுதான். பெரியவர்களை நடுவில் அமர்த்துவது மரியாதைக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். இங்கே பலர் பணத்தை இழப்பது, லென்ஸின்மேல் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்புவதால்தான். 36-க்கு 24 மி.மீ. அளவுள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை 84 டிகிரி காட்சியைத் தரும். ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலோர் கையில் இருக்கும் ஏபிஎஸ்-சி கேமராக்களில் சென்சார் சிறியதாகையால், நிக்கானிலும் சோனியிலும் 1.5 ஆலும் கேனானில் 1.6 ஆலும் அந்த எண்ணைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். கேனான் 2014-இல் வெளியிட்ட 24 மி.மீ. எஃப்/2.8 'பான்கேக்' லென்ஸ், 125 கிராம் எடையும் எளிய விலையும் கொண்ட உத்தமமான பொருளே ஆயினும், சிறிய சென்சாரில் அது ஏறக்குறைய 38 மி.மீ. லென்ஸைப்போல நடந்துகொள்வதால், அகலக்கோணம் என்று எண்ணி வாங்கியவர் ஏமாற்றமடைவார். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸே அதைவிட அகலமாகக் காட்டும்!

அப்படியானால் குவியத்தூரம் மாறாத பிரைம் லென்ஸ் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. வெளிச்சத்துக்காக என்பதே பதில். பெரும்பாலான கிட் லென்ஸ்களின் அகல முனையில் துவாரம் எஃப்/3.5; எஃப்/2.8 லென்ஸ் அதைப்போல் ஒன்றரை மடங்கு ஒளியையே வாங்குகிறது; எஃப்/1.4 லென்ஸோ ஆறு மடங்குக்கும் மேல் வாங்குகிறது. குழல்விளக்கு ஒன்று மட்டும் எரியும் கூடத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கும்போது இந்த வித்தியாசம் பிரத்தியட்சமாகத் தெரியும்.

கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கு மலிவான அகல பிரைம் கிடைப்பது ஏன் அரிது என்பதற்கும் காரணம் உண்டு. உள்ளே எழுந்து தாழும் கண்ணாடிக்கு இடம்விட்டு, லென்ஸ் சென்சாரிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கவேண்டியிருக்கிறது; கேனானில் மவுண்ட் வளையத்திலிருந்து சென்சாருக்கு உள்ள தூரம் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. குவியத்தூரம் அதைவிடக் குறைந்த லென்ஸைச் செய்வதற்கு, 1950-இல் பிரான்ஸின் பியேர் ஆன்ஜெனியூ 'ரெட்ரோஃபோகஸ்' என்ற பெயரில் கொண்டுவந்த, முன்பக்கத்தில் பெரிய குழிவில்லையை வைக்கும் முறை தேவைப்பட்டது. அதனால் கனமும் செலவும் ஏறின. கண்ணாடி நீங்கிய மிரர்லெஸ் கேமராக்களில் அந்தத் தூரம் சோனியில் 18 மி.மீ., கேனானில் 20 மி.மீ. எனக் குறைந்துவிட்டதால், சிறிய, மலிவான அகல லென்ஸ்கள் சாத்தியமாயின.

ஆகவே, ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் பிரைம் என்ற பிடிவாதத்தை விட்டு, கேனானின் 10-18 அல்லது நிக்கானின் 10-20 ஜூம் லென்ஸைப் பார்ப்பதே விவேகம். பிரைமே வேண்டுமென்றால் சாம்யாங் 14 மி.மீ. எஃப்/2.8 உண்டு. இதில் ஃபோகஸைக் கையால்தான் திருப்பவேண்டும். எனினும் எஃப்/8-இல் வைத்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டரில் நிறுத்தினால், இரண்டடிக்கு அப்பாலுள்ளதெல்லாம் தெளிவாக விழும் என்பதால் அது பெரிய சிரமமன்று. கேனான் மிரர்லெஸ் உடையவர்களுக்கு 2021-இல் வந்த ஆர்எஃப் 16 மி.மீ. எஃப்/2.8 ஏற்றது, அமெரிக்காவில் 299 டாலருக்கு வெளிவந்த அது 165 கிராம் எடையே உடையது, 13 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும். அதன் வளைவுகளைக் கேமராவின் மென்பொருளே நிமிர்த்துவதால் மூலைகள் சற்று மங்கலாக இருக்கும். அந்த விலைக்கு அது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. சோனி ஏபிஎஸ்-சி கேமராவுக்கு, 405 கிராம் கனத்தைப் பாராட்டாதவர் கண்ணை மூடிக்கொண்டு சிக்மா 16 மி.மீ. எஃப்/1.4-ஐ வாங்கலாம், இருட்டான உட்புறங்களுக்கு, குறைந்த விலை லென்ஸ்களில் நான் முதலிடம் தருவது இதற்கே.

பழைய லென்ஸ் வாங்குகிறவர், சாரலும் ஈரக்காற்றும் மிகுந்த இப்பள்ளத்தாக்கில் பூஞ்சையை மறக்கலாகாது. டார்ச் விளக்கை ஒருபுறம் அடித்து மறுபுறம் பார்த்தால், சிலந்தி நூல்போன்ற படலம் இருந்தால் தெரிந்துவிடும். பிறகு ஒரு செங்கற் சுவரை நேராக நின்று எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒருசேர மங்கினால் அது லென்ஸின் இயல்பு, ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்வில்லை இடம் பெயர்ந்திருக்கிறது, வாங்கவேண்டாம்.

இவ்வளவுக்கும் முன்னதாக ஒன்று செய்யுங்கள். கையிலிருக்கும் கிட் லென்ஸை 18 மி.மீ.யில் நிறுத்திவைத்து, ஊர்த் திருவிழா ஒன்றை முழுவதும் அதிலேயே எடுங்கள். வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினால் பிரைம் வாங்குங்கள், இடம் போதவில்லை என்று தோன்றினால் 10-18 வாங்குங்கள், இரண்டும் தோன்றாவிட்டால் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.