ஓய்வில் வரும் நெஞ்சுவலி

மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால், இருதயத்தில் ஏதோ கோளாறு என்று இன்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பகலெல்லாம் நடக்கும்போது ஒன்றும் செய்யாமல், விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்கையில் நெஞ்சை அழுத்தும் வலியை நம்மவர்கள் பெரும்பாலும் "வாயு" என்று சொல்லி, மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்துவிடுகிறார்கள். அதுவும் இருதய வலியாக இருக்கலாம். எட்டு ஆண்டுகளாக அதனுடன் வாழ்பவன் என்ற முறையில், நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

நோய் என்ன?

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்பவை கரோனரி இரத்தக் குழாய்கள். அவற்றில் கொழுப்பு படிந்து அடைப்பு உண்டாவது நாம் அறிந்தது. இங்கே நடப்பது வேறு. குழாயின் சுவரிலுள்ள தசை திடீரென்று இறுகி, குழாய் சுருங்கிவிடுகிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே தளர்ந்துவிடும். 1959-ல் அமெரிக்க இருதய மருத்துவர் மைரன் பிரின்ஸ்மெட்டல் இதைத் தனி வகையாக விவரித்தார்; அதனால் பிரின்ஸ்மெட்டல் ஆஞ்சைனா என்றும் சொல்வார்கள். தானே போய்விடுகிறதே என்று அலட்சியம் கூடாது. பிடிப்பு நீடித்தால் மாரடைப்பு வரலாம். இருதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஏன் பிடிபடுவதில்லை?

சிக்னலில் எங்களை அதிகம் வாட்டியது எப்போதோ வந்து மறையும் கோளாறுதான். ஆள் போய்ப் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். அவர் திரும்பியதும் மறுபடி கெடும். இந்த நோயும் அப்படியே. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனால் இ.சி.ஜி. நார்மல். ஆஞ்சியோகிராமிலும் பெரிய அடைப்பு தெரியாமல் போகலாம். என்னை ஓர் ஆஸ்பத்திரியில் "ஒன்றுமில்லை, மனக்கவலை" என்று சொல்லி அனுப்பினார்கள். பிறகு வேறோரிடத்தில் வலி இருக்கும்போதே எடுத்த இ.சி.ஜி.யில்தான் உண்மை தெரிந்தது. ஆகவே வலி வந்தவுடன் இ.சி.ஜி. எடுப்பது முக்கியம். 24 மணி நேரம் உடலில் மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவியும் உதவும். வலி வந்த தேதி, மணி, எவ்வளவு நேரம் இருந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

மருந்தும் எச்சரிக்கையும்

1. டில்டியாசம், நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற கால்சியம் சானல் பிளாக்கர்களே முக்கிய மருந்து. எலும்புக்குச் சாப்பிடும் கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வலி நின்றுவிட்டதென்று நீங்களாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது. ஊருக்குப் போகும்போது கைப்பையிலேயே வையுங்கள், பெட்டிக்குள் வேண்டாம். எந்த நேரத்தில் சாப்பிடுவது என்றும் கேளுங்கள். இரவு வலி வருபவர்களுக்குப் படுக்கும் முன் ஒரு வேளை தருவதுண்டு.

2. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட் போன்ற மாத்திரை தருவார்கள். இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம். உட்கார்ந்துகொண்டே வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 112-ஐக் கூப்பிடுங்கள். தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது.

3. சில்டினாஃபில் வகை மாத்திரையுடன் இந்த மருந்து சேரக் கூடாது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

4. புரோப்ரனலால் போன்ற சில பீட்டா பிளாக்கர்களும், ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டானும் பிடிப்பைத் தூண்டலாம். வேறு எந்த நோய்க்காக எந்த டாக்டரிடம் போனாலும் இந்த நோயின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

5. சிகரெட், பீடி அறவே கூடாது. இந்த நோய்க்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை.

குளிரும் நம் பழக்கங்களும்

குளிர் இந்தப் பிடிப்பைத் தூண்டும். தில்லிக் குளிரில் மார்கழி நோன்புக்கும், சபரிமலைக்கு மாலை போட்டும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்கள் நம்மில் பலர். இந்த நோய் உள்ளவர்கள் வெந்நீரில் குளிக்கட்டும். ஐயப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார். ஜனவரியில் அதிகாலை நடைப்பயிற்சியை வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மனக் கொந்தளிப்பும் தூண்டுகோல்தான். நடுஇரவில் தொலைபேசியில் பாகப்பிரிவினை பேச வேண்டாம்!

பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, இங்கே வயதான தம்பதி மட்டும் வசிக்கும் வீடுகள் நம்மிடையே அதிகம். வலி வரும்போது நோயாளியால் பேச முடியாது. பேச வேண்டியவர் மனைவியாகவோ கணவராகவோ இருக்கும். வீட்டுக்காரியங்களுக்குத் தெரிந்த இந்தி அந்த நேரத்தில் கை கொடுக்காது. "ஆராம் கர்தே வக்த் ஸீனே மே தர்த் ஹோதா ஹை" (ஓய்வாக இருக்கும்போது நெஞ்சு வலிக்கிறது) என்ற ஒரு வாக்கியத்தையாவது பழகிக்கொள்ளட்டும். நோயின் பெயர், மருந்துப் பட்டியல், வலியின்போது எடுத்த இ.சி.ஜி. நகல், டாக்டரின் எண் ஆகியவற்றை ஒரு ஃபைலில் போட்டு, அது இருக்கும் இடத்தைப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டுப் புகையை விட்டவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் நன்றாக வாழ்கிறார்கள். உங்கள் வீட்டிலோ, தெரிந்த வீட்டிலோ யாருக்காவது இரவு நேரத்தில் இப்படி நெஞ்சுவலி வருகிறதா? இந்த வாரமே ஓர் இருதய டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.