நீருக்கு அஞ்சாத வண்டி

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளத்தில் என் தங்கையின் இல்லம் இருக்கிறது. சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்ற ஊர். சென்ற ஐப்பசியில் நான் அங்கே சென்றபோது தங்கை மகன் முகம் வாடி நின்றான். ஓராண்டு சேர்த்த காசில் அவன் வாங்கிய, வானொலி அலையால் இயங்கும் சிறு லாரி, வெங்காயக் காட்டு வாய்க்காலை ஒரே ஒரு முறை கடந்தது, மறுநாள் அசையவில்லை. "தண்ணீர் புகாதென்று சொல்லித்தானே மாமா விற்றார்கள்?" என்றான். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

வண்டியைத் திறந்து பார்த்தோம். ரிசீவர் பலகையில் செம்புக் கோடுகள் பச்சை பூத்துக் கிடந்தன. நீர் பட்ட மாத்திரத்தில் கருவி இறந்துவிடுவதில்லை. வயல் நீரில் உப்பும் உரமும் கரைந்திருக்கின்றன. அதனால் அது மின்சாரத்தைக் கடத்துகிறது. பேட்டரி இணைப்பில் இருக்கும் வரை இரு கோடுகளுக்கிடையே ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்து, செம்பைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். பையன் சுவிட்சை அணைத்தான், பேட்டரியைக் கழற்றவில்லை. இத்தகைய வண்டிகள் பலவற்றில் சுவிட்சை அணைத்த பின்னும் மின்சாரம் ஓரிடம் வரை வந்து நிற்கும். அன்றிரவே பேட்டரியை எடுத்து, மூடியைத் திறந்து உலர்த்தியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும்.

இனி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. "நீர் புகாது" என்பது வெறும் சொல். அதற்கு அளவுகோல் உண்டு: ஐ.பி. என்ற எழுத்துகளை அடுத்து வரும் இரண்டு எண்கள். முதலெண் தூசியைப் பற்றியது. இரண்டாவது நீரைப் பற்றியது. இரண்டாம் எண் 4 ஆயின், எப்பக்கத்திலிருந்து தெறிக்கும் நீரையும் தாங்கும், மூழ்கினால் தாங்காது. 7 ஆயின், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் 7 பெற்ற கருவி பீய்ச்சியடிக்கும் நீரையும் தாங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அது வேறு சோதனை. சேற்றில் ஓட்டிய வண்டியைப் பம்புசெட்டுக் குழாயின் கீழே பிடித்துக் கழுவும் நம் பழக்கம் ஆபத்தானது.

மோட்டாரைப் பற்றிய கவலை குறைவு. கரிப் பிரஷ் இல்லாத மோட்டாரின் சுருள் எனாமல் பூசிய கம்பியாலானது. நீர் அதை எளிதில் வருத்தாது. ஆயினும் உள்ளே உணர்கருவிப் பலகை வைத்த வகை அவ்வாறன்று. பிரஷ் உள்ள மோட்டார் நீரிலும் ஓடும்; பிரஷ் விரைவில் தேயும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் பலகை முழுதும் பிசின் வார்த்து மூடியதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்மேல் சிறு விசிறி இருந்தால் அவ்விசிறியும் நீர் தாங்குமா என்று தனியே கேட்டறிய வேண்டும். சக்கரங்களைத் திருப்பும் சர்வோவில் சுழல்தண்டு வெளிவரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும்.

ரிசீவரை மூடியுள்ள பெட்டியில்தான் பெரும்பாலும் தொல்லை. மூடியின் ரப்பர் நன்றாக இருந்தாலும், கம்பிகள் வெளிவரும் துளையில் சிலிகோன் கிரீஸ் நிறையத் தடவாவிட்டால் நீர் உள்ளே போகும். மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வெயிலில் ஓடிச் சூடேறிய வண்டி குளிர்ந்த நீரில் இறங்கினால், பெட்டிக்குள் இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளி நீரை உள்ளே இழுக்கும். சற்று ஆறவிட்டு இறக்குவதே நலம்.

1898-இல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா கம்பியில்லாமல் இயக்கிக் காட்டியதும் ஒரு படகுதான்; ஆனால் அது நீரின் மேல் மிதந்தது. இன்றைய லாரிகள் பலவும் ஏற்கும் அலை நொடிக்கு ஏறத்தாழ 240 கோடி அதிர்வு கொண்டது. அதை நீர் விழுங்கிவிடும். ரிசீவரின் ஏரியல் மூழ்கிய கணமே நம் கட்டளை அறுந்துபோகும். அப்பொழுது மோட்டார் தானே நின்றுவிடும்படி முன்னதாகவே அமைத்து வைப்பது இன்றியமையாதது. இல்லையேல் வண்டி கடைசிக் கட்டளையையே பற்றிக்கொண்டு கிணற்றை நோக்கியும் ஓடக்கூடும். செட்டிகுளத்துத் தோட்டங்களில் கிணறுகள் ஆழமானவை.

ரிசீவரையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் மட்டும் புதிதாக வாங்கினோம். சர்வோவும் மோட்டாரும் பழையனவே. கார்த்திகை மழையில் வண்டி அதே வாய்க்காலை மூன்று முறை கடந்தது. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும் பையன் பேட்டரியைக் கழற்றி, மூடியைத் திறந்து, மின்விசிறியின் கீழ் வைத்துவிடுகிறான். முன்சக்கரத்துப் பேரிங் ஒன்று மட்டும் துருப்பிடித்துக் கிறீச்சிடுகிறது. பொங்கலுக்குப் போகும்போது மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.