கறுத்த கத்தியும் கறுக்காத கத்தியும்

கோடையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? மேற்கே மலை கூடவே வரும். அடிவாரத்தில் மாந்தோப்புகள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மாங்காய் அறுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாத்தாவின் பழைய மடக்குக் கத்தி வீட்டில் இருந்தால், பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு புளிப்பு மாங்காயைக் கீற்றுப் போடுங்கள். சாற்றைத் துடைக்காமல் சற்று நேரம் விடுங்கள். அலகு கறுத்துவிடும். "துருப்பிடித்த கத்தி, பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கலாம்" என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்!

அந்தக் கறுப்பு, துரு அன்று. துரு செந்நிறமாக இருக்கும், உதிரும், அடியிலுள்ள இரும்பை மேலும் தின்னும். இங்கே நடப்பது வேறு. மாங்காயின் அமிலம் அலகிலிருந்து துளி இரும்பைக் கரைக்கிறது. மாங்காயில் துவர்ப்புத் தரும் டானின் அந்த இரும்போடு கூடிக் கரிய பொருளாகிறது. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னாளில் மை காய்ச்சினார்களே, அதே வேதியியல்தான். கத்தி தனக்குத் தானே மை பூசிக்கொள்கிறது! இந்தப் படலம் துருவை ஓரளவு தாமதப்படுத்தவும் செய்யும். ஆகவே சாம்பல் போட்டுத் தேய்க்காதீர்கள். கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும்.

சமையலறையின் எவர்சில்வர் கத்தி கறுப்பதில்லை. அதில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்கு மேல் குரோமியம் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத போர்வையாகி இரும்பைக் காக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் 1913இல் இத்தகைய எஃகை உருக்கினார்.

அப்படியானால் கறுப்பது மரபுக் கத்தி, கறுக்காதது நவீனக் கத்தி என்று சொல்லிவிடலாமா? கத்தி சேகரிப்பவர்கள் ஒப்ப மாட்டார்கள். சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தியைப் பாருங்கள். அதைச் செய்யும் விக்டோரினாக்ஸ் நிறுவனம் 1921 முதலே கறுக்காத எஃகுக்கு மாறிவிட்டது. ஆனாலும் அதை மரபுக் கத்தி என்பவர்களே பலர்.

பூட்டைக் கொண்டு பிரிக்கலாமா? பழைய மடக்குக் கத்தியின் முதுகில் ஒரு வில்பட்டை உண்டு. அது அலகின் அடியை அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அலகு நிற்பது இந்த அழுத்தத்தால்தான், பூட்டு கிடையாது. முனையை எதிலாவது குத்தி அழுத்தினால் கத்தி விரல்மேல் மடங்கும். பள்ளி நாளில் தேங்காய்ச் சில்லு நெம்பப்போய் நான் இதைக் கற்றுக்கொண்டேன். ஆள்காட்டி விரலில் தழும்பு இன்றும் இருக்கிறது. ஆனால் 1890இல் பிரான்சில் பிறந்த ஒப்பினெல் கத்திக்கு 1955இல் வளையப் பூட்டு வந்தது. அதை யாரும் நவீனம் என்று தள்ளிவிடவில்லையே!

பிறகு எதுதான் எல்லை? திறக்க எத்தனை கை வேண்டும் என்று பாருங்கள். பழைய கத்தியின் அலகில் நகம் நுழைய ஒரு பள்ளம் இருக்கும்; ஒரு கை பிடியில், மறு கை நகத்தில். 1981இல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் வட்டத் துளையும், சட்டைப்பையில் செருகக் கவ்வியும் வைத்தது. கட்டைவிரலால் தள்ளினால் திறந்துகொள்ளும். மறு கை வேறு வேலையில் இருக்கும் என்பதால் பூட்டும் தேவையாகிறது. வடிவமே மாறிவிடுகிறது அல்லவா? கோடு கிழிக்கப் பொருத்தமான இடம் இதுதான் என்பது என் எண்ணம். பொத்தானைத் தொட்டால் விரியும் கத்திகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன; அவை விலக்கு.

பேனாக்கத்தி என்ற பெயரையும் கவனியுங்கள். இறகுப் பேனாவின் முனையைச் சீவப் பிறந்த கத்தி அது. நம் ஊரில் எழுதியது பனையோலையில். அதற்கென்றே பிடிக்குள் மடங்கி அடங்கும் மடக்கெழுத்தாணி இருந்தது, உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் அதைக் குறிப்பிடுகிறார். ஓலையை வார, கத்தியும் சேர்ந்த எழுத்தாணிகளும் உண்டு.

ஆகவே பழைய இரும்புக்காரர் மணியடிக்கும்போது தாத்தாவின் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். நகப்பள்ளம் இருக்கிறதா, முதுகில் வில்பட்டை இருக்கிறதா, பிடியின் மறுகோடியில் ஊசிபோல ஏதாவது மடங்கிக் கிடக்கிறதா?