கறவை மாட்டின் தீனிக் கணக்கு

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் நெல் விளையும் ஊர்களில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களின் பாசனத்தில் அறுவடை முடிந்ததும் வீட்டருகே வைக்கோல் போர் எழும்பிவிடும். கட்டுத்தரையில் நிற்பவை பெரும்பாலும் கலப்பினப் பசுக்கள். வயிறு நிறைய வைக்கோல் போடுகிறோம். புண்ணாக்கை ஊறவைத்துத் தண்ணீரில் கலந்து காட்டுகிறோம். பாலைச் சங்கத்தில் ஊற்றுகிறோம். ஆனால் தீனிச் செலவு போகக் கையில் ஒன்றும் நிற்பதில்லை என்பது பலருடைய குறை. பசு நல்ல பசு, தீனியிலும் குறை வைக்கவில்லை என்றால், அந்தத் தீனி எங்கேதான் போகிறது?

இதற்கு விடை காண முதலில் பசுவின் எடை தெரிய வேண்டும். மாட்டை எடை போடத் தராசு தேவையில்லை. தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து வாலுக்குப் பக்கத்தில் துருத்தி நிற்கும் எலும்பு வரை உடல் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 64 அங்குலம், நீளம் 58 அங்குலம் உள்ள பசு ஏறத்தாழ 360 கிலோ இருக்கும்.

இந்தப் பசு ஒரு சொட்டுப் பால் கொடுக்காவிட்டாலும், மூச்சு விடவும், நிற்கவும், உடற்சூட்டைக் காக்கவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ செரிக்கும் சத்து வேண்டும். இது பசு உங்களிடம் வாங்கும் தினக்கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல், கொழுப்பு 4.5 சதம் உள்ள பால் லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 330 கிராம் சத்து வேண்டும். அப்படியானால் 5 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 4.65 கிலோ சத்தும், 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு 6.3 கிலோ சத்தும் தேவை. பால் இரட்டிப்பானாலும் சத்துத் தேவை மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேல்தான் கூடுகிறது. ஐந்து லிட்டர் பசு இரண்டு வைத்திருப்பவர் அதே பத்து லிட்டருக்கு 9.3 கிலோ சத்துக்குச் செலவு செய்கிறார். மாட்டின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, இருக்கும் மாட்டின் கறவையைக் கூட்டுவதில் ஆதாயம் அதிகம் என்பதற்கு இதுவே காரணம்.

இனி, பத்து லிட்டர் கறக்கக்கூடிய பசுவுக்கு நம் பக்கத்தில் வழக்கமாக வைக்கும் தீனியைப் பார்ப்போம். வைக்கோல் 8 கிலோ, கடலைப் புண்ணாக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதில் செரிக்கும் சத்து சுமார் 5.1 கிலோதான் கிடைக்கும். தேவை 6.3. ஆனால் புரதத்தைக் கணக்கிட்டால் கதை தலைகீழாகிறது. அந்தப் பசுவுக்குத் தேவையான புரதம் ஏறத்தாழ 1,200 கிராம். நாம் கொடுப்பதோ 1,600 கிராம்! அதாவது எரிசத்தில் குறை, புரதத்தில் மிகை. மிகையான புரதம் பாலாக மாறுவதில்லை. பசுவின் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அந்த வேலைக்கும் சத்து செலவாகிறது. விலை கொடுத்து வாங்கிய புண்ணாக்கில் ஒரு பகுதி இப்படிக் கட்டுத்தரையில் ஓடிப் போகிறது.

எரிசத்துக் குறைவால் வரும் கேடு இன்னும் பெரிது. கன்று ஈன்ற புதிதில் பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாகக் கொடுக்கும். விலா எலும்பு தெரியும். பருவத்துக்கு வருவது தள்ளிப் போகும். கன்று ஈன்ற 60 முதல் 90 நாட்களுக்குள் சினைக்கு ஊசி போட வேண்டிய பசு ஆறு மாதமாகியும் பருவத்துக்கு வராமல் நின்றால், அடுத்த கறவையும் அந்த அளவு தள்ளிப்போகும். நாள் பாலில் அரை லிட்டர் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. இந்த இழப்பு தெரிவதில்லை. சினை பிடிக்கவில்லை என்று ஊசியையும் காளையையும் குறை சொல்லுமுன் தீனித் தொட்டியைப் பாருங்கள்.

அதே பசுவுக்கு வைக்கோலை 5 கிலோவாகக் குறைத்து, கோ-4 கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் 15 கிலோவும் அடர்தீவனக் கலவை 4 கிலோவும் கொடுத்தால் சத்து 6.25 கிலோ, புரதம் 1,180 கிராம் அளவில் கிடைக்கும். இரண்டும் தேவைக்கு மிக அருகில் வந்துவிடுகின்றன. கலவையை வீட்டிலேயே தயாரிக்கலாம். மக்காச்சோளம் 40 பங்கு, கடலைப் புண்ணாக்கு 25, தவிடு 32, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1 என நூறு பங்கு. மக்காச்சோளத்தை மாவாக்காமல் குருணையாக உடைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை, மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம். அதிலுள்ள நச்சு பாலிலும் இறங்கும்.

கோ-4 புல்லைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்டது. இருபது கிலோ பசும்புல், அல்லது 6 முதல் 8 கிலோ வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனம், ஒரு கிலோ அடர்தீவனத்தின் புரதத்துக்கு ஈடாகும் என்பதை நினைவில் வைத்தால், வாய்க்கால் ஓரத்தில் பத்து சென்ட் புல் போடுவதன் மதிப்பு விளங்கும்.

பசும்புல்லுக்கு வழியில்லாதவர்கள் வைக்கோலையே சீர்படுத்தலாம். வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதம்தான், மணற்சத்து அதிகம். நூறு கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாட்கள் வைக்க வேண்டும். புரதம் ஏறத்தாழ இரு மடங்காகும், செரிமானமும் கூடும். எடுத்த வைக்கோலைச் சிறிது நேரம் காற்றாட விட்டுப் போடுங்கள். ஆறு மாதத்திற்குட்பட்ட கன்றுகளுக்கு இது கூடாது. யூரியாவைக் கழனித் தண்ணீரில் கலந்து காட்டுவது மாட்டைக் கொல்லும். அதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

நல்ல இனம் இருந்தால் போதாதா என்று சிலர் கேட்கக் கூடும். ஒரே இனப் பசுக்களுக்குள் பால் அளவில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய கால் பங்கே மரபு வழி வருவது. மிச்சமெல்லாம் தீனி, பராமரிப்பு, தட்பவெப்பம், நோய் ஆகியவற்றின் பங்கு. நம் மாநிலத்தில் சமவெளிக்கு ஜெர்சி கலப்பும், நீலகிரி போன்ற மலைப்பகுதிகளுக்கு ஹோல்ஸ்டீன் பிரீசியன் கலப்பும் பரிந்துரைக்கப்பட்டதற்கு நம் வெயிலே காரணம். அயல் இன இரத்தம் கூடக் கூடப் பால் கூடும் என்று எண்ணி ஊசி போட்டுக்கொண்டே போனால், பங்குனி வெயிலில் மூச்சு வாங்கித் தீனியைக் குறைத்துக்கொள்ளும் பசுதான் மிஞ்சும்.

இதற்கு நேர் மாறானது நம் காங்கயம் மாடு. கிளுவை வேலியிட்ட கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லையும் வேலங்காயையும் தின்றே வாழ்ந்துவிடும். அதன் தினக்கூலி குறைவு, பாலும் குறைவு. அது உழவுக்கென்றே வளர்ந்த இனம். மானாவாரிக் காட்டில் அதை வைத்திருப்பவரைப் பார்த்து, பால் குறைவென்று யாரும் சிரிக்க வேண்டியதில்லை. அவரவர் காட்டுக்கும் தீனிக்கும் ஏற்ற மாடே நல்ல மாடு.

இதே கணக்கை அயல் நாடுகளில் இனவிருத்தியிலும் சேர்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் காளைகளை மதிப்பிடும்போது, அவற்றின் மகள்கள் எவ்வளவு தீவனத்தை மிச்சப்படுத்தும் என்பதையும் 2020 டிசம்பரிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஒரே எடையும் ஒரே கறவையும் உள்ள இரண்டு பசுக்களில் ஒன்று குறைவாகத் தின்பது உண்டு. அந்தக் குணம் ஓரளவு கன்றுக்கும் இறங்குகிறது. ஆனால் இதைக் கண்டறிய ஒவ்வொரு பசுவும் தின்றதை நாள்தோறும் நிறுத்தாக வேண்டும். நம் நாட்டில் தேசியப் பால்வள வாரியம், 2011-12 முதல் 2018-19 வரை நடந்த தேசியப் பால்வளத் திட்டத்தின் முதற்கட்டத்தில், வேறு வழியில் போயிற்று. உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி அளித்து, மாட்டின் காதில் எண் பொருத்தி, எடையையும் பாலையும் வீட்டில் இருக்கும் தீனியையும் கணினியில் இட்டு, அந்த மாட்டுக்கு எது எவ்வளவு என்று சொல்ல வைத்தது. 18 மாநிலங்களில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இதில் சேர்ந்தன. பல மாடுகளுக்குப் புரதமோ எரிசத்தோ மிகையாகவும், தாது உப்புகள் குறைவாகவும் கிடைத்து வந்தது அதில் தெரிந்தது. கையில் இருந்த தீனியையே மாற்றி அளந்ததில் செலவு குறைந்து பால் கூடியது.

நீங்கள் கணினிக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு தொங்கு தராசும் ஒரு நோட்டும் வாங்குங்கள். ஏழு நாட்களுக்கு வைக்கோல், புல், புண்ணாக்கு, தவிடு ஆகியவற்றைத் தனித்தனியாக நிறுத்துப் போடுங்கள். தொட்டியில் மிஞ்சியதையும் நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். காலை, மாலைப் பாலை எழுதுங்கள். ஐந்து லிட்டர் பசுவுக்கும் பத்து லிட்டர் பசுவுக்கும் வீட்டில் ஒரே படியில் புண்ணாக்கு அளக்கும் வழக்கம் அந்த நோட்டில் முதல் வாரமே பிடிபடும். உடல் பராமரிப்புக்கு ஒன்றரைக் கிலோ, பிறகு ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ அடர்தீவனம் என்பது வைக்கோலை மட்டும் நம்பியிருப்போருக்கான பொது அளவு. பசும்புல் கொடுப்போர் முன் சொன்ன கணக்கின்படி இதைக் குறைத்துக்கொள்ளலாம். சினை ஆறு மாதம் கடந்த பசுவுக்குக் கருவின் வளர்ச்சிக்காக ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் கொடுங்கள்.

தீனியை ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். பசுவின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் புதுத் தீனிக்குப் பழகப் பத்து நாட்களாவது ஆகும். அடர்தீவனத்தை நாளுக்குக் கால் கிலோ வீதம் ஏற்றுங்கள். பால் ஏறுவது நின்றதும் நீங்களும் நிறுத்திக்கொள்ளலாம்.